வட்டி எதுவரை குட்டி போடும்: வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில், சனிக்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நடைபெற்ற கணித வகுப்பொன்றைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. படிக்கட்டின் அடியில் ஒட்டியிருந்த தாளில் ஆசிரியரின் தொலைபேசி இலக்கமும், அடுக்குக்குறிச் சார்புகள் பற்றி ஆறு வகுப்புகள், உயர்தர மாணவரும் பெரியவர்களும் வரலாம் என்ற ஒரு வரியுமே இருந்தன. ஆறு வகுப்புகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 9,000 ரூபாய். இணைந்த கணிதத்துக்கு வகுப்பு நடக்காத ஒழுங்கையை வெள்ளவத்தையில் தேடிப் பிடிப்பதுதான் கடினம் என்றாலும், ஒவ்வொரு படியிலும் ஒரே மடங்காகப் பெருகும் ஒரேயொரு சார்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு கிழமை பேசும் வகுப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் கோட்டையிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள். கூட்டு வட்டி எனக்குப் புதிதல்ல. உயர்தரத்தில் ஈ (e) என்னும் எண்ணை வகையிட்டும் தொகையிட்டும் களைத்தவள்தான். இருந்தும் 2021 ஆம் ஆண்டில், மச்சாள் கொண்டுவந்த திட்டமொன்றில் 75,000 ரூபாயைப் போட்டு இழந்தேன். ஒருவர் மூன்று பேரைச் சேர்க்க வேண்டும், அந்த மூவரும் ஆளுக்கு மூவரைச் சேர்க்க வேண்டும், கீழே சேருபவர்களின் காசில் ஒரு பங்கு மேலே வந்துகொண்டே இருக்கும் என்பது அத்திட்டம். தினமும் கணக்கு எழுதும் நான் அந்த ஒரு கணக்கை ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்ற கேள்வி மூன்று ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்தது. அந்த உறுத்தலுடன்தான் மாடியேறினேன்.

வந்தவர்கள் பதினாறு பேர். பாதிப்பேர் உயர்தர மாணவர்கள், மற்றவர்கள் என்னைப் போன்றவர்கள்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், தாதியர் இருவர். ஆசிரியர் நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி. வளர்ச்சி என்றதும் சதுரங்கப் பலகையும் அரிசி மணியும் அரசனும் வந்துவிடுவார்களோ என்று அஞ்சியிருந்தேன். நல்ல காலம், வரவில்லை. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "ஆளைச் சேர்க்கிற திட்டம் எதிலையாவது காசு போட்டு ஏமாந்த ஆக்கள் இதிலை இருக்கிறீங்களோ?"

ஒருவரும் கையை உயர்த்தவில்லை. சற்றுப் பொறுத்து நான் உயர்த்தினேன். பிறகு தாதியருள் ஒருவர் உயர்த்தினார். ஆசிரியர் அதைப் பற்றி மேலும் ஒன்றும் விசாரிக்காமல் வெண்பலகையில் 1, 3, 9, 27 என்று எழுதத் தொடங்கினார். பத்தாம் படியில் 59,049 பேர். பதினைந்தாம் படியில் மட்டும் 14,348,907 பேர். முதலாமவரிலிருந்து அந்தப் படி வரையுள்ள அனைவரையும் கூட்டினால் 21,523,360 பேர். 2024 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின் முதற்கட்ட முடிவின்படி இலங்கையின் குடித்தொகை 21,763,170. அதாவது, தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட நாட்டில் ஏறத்தாழ எல்லாரும் பதினைந்து படிகளுக்குள் சேர்ந்து முடிந்துவிடுவார்கள். பதினாறாம் படிக்கு ஆள் இல்லை. எந்தப் படியில் திட்டம் நின்றாலும், அப்போது சேர்ந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள் என்பதையும் அவர் கூட்டிக் காட்டினார். இவ்வகைத் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடை செய்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் சட்டம் தடுக்காவிட்டாலும் பெருக்கல் விருத்தியே அதைக் கொன்றுவிடும் என்பது அன்றுதான் உறைத்தது. என் 75,000 ரூபாய்க்கு முன்னால் 9,000 ரூபாய்க் கட்டணம் அந்த முதல் மணித்தியாலத்திலேயே மலிவாகத் தோன்றியது.

இரண்டாம் வகுப்பு வட்டிக்குரியது. வட்டி குட்டி போடும் என்று நம் வீடுகளில் சொல்வதை அவர் அப்படியே கணக்காக்கினார். மாதம் 2 வீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 வீதம் என்று எண்ணுபவர் கடனட்டைக்குக் காசு கட்டும்போது 26.8 வீதம் கட்டுகிறார், ஏனெனில் 1.02¹² என்பது 1.268. மீற்றர் வட்டிக்காரரிடம் மாதம் 10 வீதத்துக்கு ஓர் இலட்சம் எடுத்துவிட்டு ஓர் ஆண்டு திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் கடன் 3 இலட்சத்து 13 ஆயிரத்தைத் தாண்டும். ஈ என்னும் எண்ணையும் இந்த வழியாகவே கொண்டுவந்தார். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு 100 வீதம் வட்டி. ஆண்டு முடிவில் ஒரு தடவை சேர்த்தால் 2 ரூபாய், அரையாண்டுக்கொரு தடவை சேர்த்தால் 2.25, மாதந்தோறும் சேர்த்தால் 2.61, நாள்தோறும் சேர்த்தால் 2.71; எவ்வளவு அவசரப்பட்டு வட்டியை முதலோடு சேர்த்தாலும் 2.718 ஐத் தாண்டி அது நகராது. சுவிஸ் கணிதவியலாளர் யாக்கோபு பேர்ணூலி 1683 இல் இந்த வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த எண் தலைகாட்டியது என்பதை உயர்தரத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வானத்திலிருந்து விழுந்த எண் என்றே அன்று மனனம் செய்தேன். வகுப்பின் எஞ்சிய பகுதி இரட்டிப்புக் காலத்தைப் பற்றியது. 70 ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்பது கிடைக்கும் என்னும் வாய்ப்பாடு கணக்குத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழக்கமானது. 2 இன் இயற்கை மடக்கையான 0.693 இலிருந்து அது வருகிறது என்பதைத் தாண்டி அதில் சொல்வதற்கு அதிகமில்லை.

இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது சன்னலோரத்தில் வைத்திருந்த நீல நிற பிளாஸ்திக் பேசின்தான். முதல் நாளே அதில் சல்வீனியாவைப் போட்டு வைத்திருந்தார். 1939 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் வெளியே தப்பிப் போய் வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிய அதே மிதக்கும் களைதான். வாய்க்காலொன்றிலிருந்து அள்ளிய சிறு துண்டில் அன்று பன்னிரண்டு இலைகள் இருந்தன. வார நாட்களில் வேறு வகுப்புக்கு வரும் மாணவிகள் இருவர் மூன்று நாளைக்கொரு தடவை எண்ணிச் சுவரில் ஒட்டிய தாளில் பதிந்தார்கள்: 12, 17, 24, 33, 47. மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு வரைபுத்தாள் தந்து இவற்றைக் குறிக்கச் சொன்னார். வளைகோடு வந்தது; அழகாகத்தான் இருந்தது. ஆனால் மேல்நோக்கி வளையும் கோடெல்லாம் அடுக்குக்குறிக் கோடாகிவிடாது, இருபடிக் கோடும் அப்படித்தான் வளையும், வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்று சொல்லி, மடக்கைப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.

இலை எண்ணிக்கைக்குப் பதிலாக அதன் மடக்கையை, அதாவது பத்தை எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பதைக் குறித்தால், அடுக்குக்குறி வளர்ச்சி நேர்கோடாக மாறிவிடும். இருபடி வளர்ச்சி அப்படி மாறாது. ஐந்து புள்ளிகளுக்கும் மேலே அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கோட்டின் மேலேயே, அல்லது மயிரிழை தள்ளி இருந்தது. ஒரு பேசினில் கிடக்கும் களை மடக்கைப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட வியப்பை அலுவலகத்தில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. கணிப்பானில் ஒரு பொத்தானை அழுத்திப் பெறும் விடைக்கும், 1.0792, 1.2304 என்று பக்கம் புரட்டிக் கண்டுபிடித்துக் கையால் குறிக்கும் புள்ளிக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. கணிப்பான் கொண்டுவர வேண்டாம் என்று அவர் சொன்னதை முதலில் பழைய காலத்துப் பிடிவாதம் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்த வகுப்பில்தான் பிழையொன்றும் நடந்தது. கோட்டின் படித்திறன், அதாவது அது நாளொன்றுக்கு ஏறும் அளவு, ஏறத்தாழ 0.05. அவர் தந்த குறிப்புத்தாளில் அதையே எடுத்து, இலைகள் நாளொன்றுக்கு 5 வீதம் வளர்கின்றன என்று அச்சடித்திருந்தது. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், நானும் எழுதிக்கொண்டேன். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்தான் 70 ஐ 5 ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, "பதினாலு நாள் வருது ரீச்சர், ஆனா இலை ஆறு நாளிலை இரட்டிச்சிருக்கே" என்றார். நாங்கள் பார்த்தது பத்தை அடியாகக் கொண்ட மடக்கை. அந்தப் படித்திறனை 2.303 ஆல் பெருக்கினால்தான் ஈ யின் அடுக்கில் வரவேண்டிய மாறிலி கிடைக்கும், அது ஏறத்தாழ 0.115. நாளொன்றுக்குள் இலைகள் உண்மையில் கூடுவது 12 வீதமளவு. ஆசிரியர் பலகையின் முன்னால் சிறிது நேரம் நின்று யோசித்துவிட்டுத் தன் பிழையை ஒப்புக்கொண்டார். அடுத்த கிழமை திருத்திய தாளும் தந்தார். இப்பிழையை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் இடையில் ஒரு வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டு, திருத்திய தாளைக் கேட்டு வாங்காமல் விட்ட மாணவர் எவராவது இருந்தால், அந்த 5 வீதம் இன்னும் அவரது கோவையில் இருக்கும்.

நான்காம் வகுப்பில் பணவீக்கம். 2022 செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி முன்னைய ஆண்டுடன் ஒப்பிட்ட பணவீக்கம் 69.8 வீதமாக உச்சத்தைத் தொட்டது. அந்த வீதம் அப்படியே நீடித்திருந்தால் விலைகள் பதினாறு மாதங்களுக்குள் இரட்டிப்பாகியிருக்கும். 2021 செப்தெம்பரில் 100 ரூபாயாக இருந்த பொருட்கூடை இரண்டே ஆண்டில் 288 ரூபாயாகியிருக்கும். 2023 செப்தெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியதால் கூடையின் உண்மை விலை ஏறத்தாழ 172 ரூபாயோடு நின்றது. அந்த நாட்களில் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் இவை வெறும் எண்கள் அல்ல. ஆனால் வகுப்பில் விவாதம் வேறொன்றில் மூண்டது.

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் கேட்டார்: "பணவீக்கம் எழுபதுல இருந்து ஒண்ணுக்கு வந்துடுச்சுனு சொல்றாங்க. அப்ப பருப்பு விலையும் இறங்கணுமே டீச்சர்? கடைக்கு வர்ற சனம் என்னையத்தான் கள்ளன்னு நினைக்குது."

"விலை நாங்கள் நிக்கிற உயரம், ஐயா. பணவீக்கம் ஏறுற வேகம்" என்றார் ஆசிரியர். "வேகம் குறைஞ்சால் மெல்ல ஏறுறம் எண்டுதான் அர்த்தம். இறங்குறம் எண்டு இல்லை."

சார்புக்கும் அதன் பெறுதிக்கும் (அது மாறும் வேகத்துக்கும்) உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. உயரத்தோடு ஒப்பிட்ட வேகம் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று இடையில் கேட்க எண்ணி, கடைக்காரரின் முகத்தில் தெளிவு வந்ததைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அவர் தன் சிட்டைப் புத்தகத்தின் பின்னட்டையில் அந்த வசனத்தை எழுதிக்கொண்டார். கடையில் ஒட்டப் போகிறாராம்.

ஐந்தாம் வகுப்புக்காகவே இந்த மதிப்பீட்டை எழுதத் துணிந்தேன் எனலாம். அன்று பலகையில் இருந்தது இலங்கையின் தொகைமதிப்பு. 1946 இல் 66.6 இலட்சம், 1953 இல் 81 இலட்சம், 1963 இல் 105.8 இலட்சம், 1971 இல் 126.9 இலட்சம், 1981 இல் 148.5 இலட்சம், 2012 இல் 203.6 இலட்சம். முதலிரு எண்களை மட்டும் தந்து, மிகுதியை மறைத்துவிட்டு, 2012 இல் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கச் சொன்னார். வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு 2.8 வருகிறது; ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு நீட்டினால் 2012 இல் இலங்கையில் நான்கு கோடியே இருபது இலட்சம் பேர் இருக்க வேண்டும். மறைப்பை நீக்கியபோது உண்மை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. நான் போட்ட கணக்கில் பிழை இல்லை, வரைபில் பிழை இல்லை, சார்பிலும் பிழை இல்லை. 1946 முதல் 1953 வரை இருந்த வீதம் என்றைக்கும் இருக்கும் என்று எண்ணியதுதான் பிழை.

அந்த ஏழு ஆண்டுகளில் வீதம் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு அவர் விரிவாகவே நேரம் ஒதுக்கினார். நுளம்பைக் கொல்லும் டீடீரீ (DDT) மருந்துத் தெளிப்பு நாடு முழுவதும் தொடங்கியதும் மலேரியா ஒடுங்கியது. ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1946 க்கும் 1947 க்கும் இடையில் 14 அளவுக்கு விழுந்தது. அவ்வீழ்ச்சியில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு நல்ல உணவாலும் மருத்துவ வசதியாலும் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். இறப்பு குறைந்த வேகத்தில் பிறப்புக் குறையவில்லை. இரண்டுக்கும் இடையில் திறந்த வெளிதான் அந்த 2.8. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, பெண்கள் பிந்தி மணமுடிக்க, குடும்பங்கள் சிறுக்க, அந்த வெளி மெல்ல மூடியது. 1971 க்கும் 1981 க்கும் இடையில் வீதம் 1.6 அளவு, 2012 க்கும் 2024 க்கும் இடையில் 0.5 அளவு.

அதே மலேரியாவை அவர் எதிர்ப்பக்கமாகவும் திருப்பிக் காட்டினார். 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. அதே பத்தாண்டின் இறுதிக்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பதினேழிலிருந்து ஐந்து இலட்சத்துக்கு எத்தனை இரட்டிப்பு என்று கேட்டார். பதினைந்துதான். இதைக் கேட்டபோது தாதியர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருகும் இயல்புள்ள ஒன்றைப் பொறுத்தவரை 17 என்பது பூச்சியத்துக்கு அண்மையில் இல்லை. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் சான்றளிக்க 2016 செப்தெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் அன்றும் பேசினார். அவருடைய பூர்வீகம் பதுளைப் பக்கத் தோட்டமொன்று. "எங்க அப்பா வழி ஆளுங்க பாதிப்பேரு தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போயிட்டாங்க டீச்சர். அதுவும் இந்த வீதத்துக்குள்ளதான் இருக்கா?" மலையகத்து இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றிய 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும், மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்பதென்றும் இரு அரசுகளும் பங்கு பிரித்தன. "இருக்கு ஐயா. ஆனா வெளியிலை தெரியாது" என்றார் ஆசிரியர். பிறந்தவர் எண்ணிக்கையும் இறந்தவர் எண்ணிக்கையும் கப்பலேறியவர் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று கழிபட்டு ஒரே தசம எண்ணாகச் சுருங்கியபின், எது எதனால் வந்தது என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1983 க்குப் பின்னர் விமானமேறியவர்களைப் பற்றி ஒருவரும் எடுக்கவில்லை; எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் அந்த அறையில் இருந்த யாருக்குத்தான் கனடாவில் உறவு இல்லை?

ஆறாம் வகுப்பில் என் பெரிய குறை இருக்கிறது. பேசினில் பதினெட்டாம் நாள் சூத்திரத்தின்படி 96 இலைகள் இருக்க வேண்டும். எண்ணியதில் 70 தான் இருந்தன. இருபத்துநான்காம் நாள் 78, முப்பதாம் நாள் 80. நீர்ப்பரப்பு நிரம்பிவிட்டது, ஓரத்து இலைகள் பழுத்துவிட்டன. தடையின்றிப் பெருகும் குடித்தொகையைப் பற்றி ஆங்கிலப் பொருளியலாளர் மல்தஸ் 1798 இல் எழுதியதையும், இடம் குறையக் குறைய வீதமும் குறையும் என்று கொண்டு பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838 இல் வேறொரு சார்பை முன்வைத்ததையும் அன்று எடுத்தார். இழுத்து நீட்டிய எஸ் வடிவில் ஏறி மட்டமாகும் அந்தக் கோடு, எங்கள் பேசினையும் நாட்டின் குடித்தொகையையும் ஒருசேர விளக்கிவிடும் என்று தோன்றியது. அப்போது முன் வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, வெர்ஹுல்ஸ்டின்படி கொள்ளளவில் பாதி நிரம்பும்போதே இலையொன்றுக்கான வளர்ச்சி வீதமும் பாதியாகியிருக்க வேண்டும், ஆனால் எங்கள் இலைகள் 40 ஐத் தாண்டி 47 வரை பழைய வீதத்திலேயே வளர்ந்திருக்கின்றனவே என்று கேட்டாள். ஆறு கிழமையிலும் கேட்கப்பட்ட கேள்விகளுள் தலைசிறந்தது அது. பேசின் அந்தச் சார்புக்கும் கட்டுப்படவில்லை. நெருக்கம் ஓர் அளவைத் தாண்டும்வரை இலைகள் ஒன்றையொன்று உணரவே இல்லைப்போலும்.

அதற்கு விடை கிடைக்கவில்லை. மணி ஐந்து, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டில் வந்து நின்றார்கள், ஆசிரியர் பலகையை அழித்துவிட்டார். தொலைபேசியில் அனுப்புகிறேன் என்றார், இன்றுவரை வரவில்லை. வட்டிக்கு ஒரு முழு வகுப்பைக் கொடுத்தவர், இந்தச் சார்புக்கு நாற்பது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார். ஆறை ஏழாக்கி இன்னும் 1,500 ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வேறு குறைகளும் உண்டு. அறையில் இருப்பது ஒரே மின்விசிறி. அதற்குக் கீழே இடம் பிடிக்க வேண்டுமானால் இரண்டேமுக்காலுக்கே போய்விட வேண்டும். கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போது பேச்சு நின்றுவிடும். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருவதில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு இது தூக்கம் கெடுக்கும் விடயம். குறிப்புத்தாள்களில் சில பக்கங்கள் தமிழ்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதப்பட்டவையாதலால், ஒரே தாளில் படித்திறனும் சாய்வும், குடித்தொகையும் மக்கள்தொகையும் மாறி மாறி வந்தன. பெரியவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல் அல்ல. பரீட்சை எழுதும் பிள்ளை தடுமாறும்.

பரீட்சை எழுதும் பிள்ளையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடந்தகால வினாத்தாள் ஒன்றுகூட இங்கே செய்விக்கப்படவில்லை. இரண்டாம் வகுப்போடு உயர்தர மாணவர் மூவர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புள்ளிக்காகப் படிப்பவருக்கு இதே ஒழுங்கையில் வேறு வகுப்புகள் இருக்கின்றன. கடன் எடுக்கப் போகிறவர், நிலையான வைப்பை எத்தனை ஆண்டுக்கு வைப்பது என்று யோசிப்பவர், மச்சாள் கொண்டுவரும் திட்டத்துக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர், செய்தியில் வரும் வீதங்களைக் கேட்டுத் தலை சுற்றுபவர் ஆகியோருக்கு இந்தச் சனிக்கிழமைகள் வீண்போகாது.

100 ஆம், 101 ஆம் இலக்க பஸ்கள் இரண்டும் காலி வீதியால் போகும். வாகனத்தில் வருபவர்கள் ஒழுங்கைக்குள் நிறுத்த இடம் தேடாமல் மரைன் டிரைவில் விட்டுவிட்டு நடப்பது நல்லது. மடக்கைப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள், அங்கே இருப்பவை கிழிந்தவை. அடுத்த தொகுதி தைப்பொங்கல் கழிந்து தொடங்கும் என்று படிக்கட்டில் புதிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பு பேசினைப் பார்க்கப் போனேன். இலைகளை அள்ளி எறிந்து கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு இலைத் துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து, குறுக்களவு கூடிய சட்டியொன்றில் விட்டிருக்கிறேன். இன்று எண்ணியபோது ஒன்பது.